எண்டோஸ்கோபி நார்மல், வயிறு மட்டும் சரியில்லை: நாள்பட்ட அஜீரணத்துக்கு என்ன காரணம், என்ன வைத்தியம்?

கேள்வி இது: "எட்டு மாதமாக அஜீரணம். பாதிச் சாப்பாட்டிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது. அப்புறம் மூன்று மணி நேரத்துக்கு நெஞ்சுக்குழியில் கல்லை வைத்த மாதிரி இருக்கிறது. எண்டோஸ்கோபி எடுத்தார்கள், நார்மல் என்றார்கள். அசிடிட்டி மாத்திரை போட்டால் கொஞ்சம் தேவலை, விட்டால் மறுபடி வந்துவிடுகிறது. எதனால் இப்படி? இதற்கு முடிவே கிடையாதா?"

முதலில் அந்த 'நார்மல்' என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன். உங்களை அதிகம் குழப்பியிருப்பது அதுதான். எண்டோஸ்கோபி ஒரு கேமரா. புண் இருக்கிறதா, கட்டி இருக்கிறதா, அடைப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும். சாப்பாட்டுக்கு இரைப்பை எப்படி விரிந்து கொடுக்கிறது, எந்த வேகத்தில் கீழே தள்ளுகிறது, அதன் நரம்புகள் எவ்வளவு கூச்சமாக இருக்கின்றன என்பதெல்லாம் அதில் தெரியாது. அதோடு, அது வெறும் வயிற்றில் பார்ப்பது. உங்கள் தொல்லையோ சாப்பிட்ட பிறகு ஆரம்பிப்பது. நாள்பட்ட அஜீரணத்துக்காக எண்டோஸ்கோபி செய்துகொள்கிறவர்களில் 10 பேரில் 7, 8 பேருக்கு இப்படித்தான் ஒன்றும் தென்படாது. இதற்கு ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா என்று பெயர். செயல்பாட்டு அஜீரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பு நன்றாக இருக்கிறது, அது வேலை பார்க்கும் விதம் கெட்டிருக்கிறது. 'எல்லாம் உங்கள் மனசுதான்' என்று யாராவது சொல்லியிருந்தால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இதற்கென்று 2016-இல் திருத்தி வெளியிட்ட 'ரோம் 4' என்ற வரையறை இருக்கிறது. சாப்பிட்ட பின் தாங்க முடியாத நிறைவு, சாப்பிட ஆரம்பித்ததுமே வயிறு நிறைந்துவிடுவது, நெஞ்சுக்குழியில் வலி, அதே இடத்தில் எரிச்சல் என்ற நான்கில் ஒன்றாவது இருக்க வேண்டும். தொல்லை தொடங்கி 6 மாதம் ஆகியிருக்க வேண்டும், கடைசி 3 மாதம் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும், சோதனையில் வேறு காரணம் சிக்கியிருக்கக் கூடாது. முதல் இரண்டும் ஒரு கட்சி, பின் இரண்டும் இன்னொரு கட்சி. நீங்கள் எழுதியிருப்பது சந்தேகமில்லாமல் முதல் கட்சி. இரண்டிலும் கால் வைத்திருப்பவர்களும் உண்டு. இந்தப் பிரிவைப் பொறுத்து மருந்து மாறும் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். எல்லாவற்றையும் 'கேஸ்' என்ற ஒரே சொல்லில் அடக்கி, ஒரே மாத்திரையை வாங்கி விழுங்கியே பலர் வருஷக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு வேளைச் சாப்பாடு உள்ளே போனால் என்ன நடக்கிறது என்று பார்த்தால் உங்கள் தொல்லை எங்கே என்று புரியும். வெறும் வயிற்றில் இரைப்பை ஒரு சுருங்கிய பை. முதல் கவளம் தொண்டையைத் தாண்டும்போதே, மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாகச் செய்தி போய், இரைப்பையின் மேல்பகுதி இளகி விரிகிறது. 1 லிட்டர் அளவுக்கு உள்ளே போனாலும் நமக்கு அழுத்தம் தெரியாமல் இருப்பது அதனால்தான். கீழ்ப்பகுதி நிமிடத்துக்கு 3 தடவை அலையடித்து அரைக்கும். துகள் 1, 2 மில்லிமீட்டருக்கு வரும்வரை இரைப்பையின் வாசல் அதை விடாது. பெரிய துகளைத் திருப்பியனுப்பி மறுபடி அரைக்க வைக்கும். குடித்த தண்ணீரில் பாதி, அரை மணிக்குள் இறங்கிவிடும். கெட்டிச் சாப்பாடு முழுக்க இறங்க 4 மணி நேரம் ஆகும். சாப்பாட்டில் கொழுப்பு அதிகம் என்றால், அது முன்சிறுகுடலைத் தொட்டதும் அங்கிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் கிளம்பி, 'இன்னும் மெதுவாக அனுப்பு' என்று இரைப்பைக்குக் கடிவாளம் போடும். எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்ட அன்றைக்கு மந்தமாக இருப்பதன் காரணம் இவ்வளவுதான்.

இந்த ஓட்டத்தில் எங்கே வேண்டுமானாலும் இடறலாம். மேல்பகுதி போதிய அளவு இளகவில்லை என்றால், சாப்பாடு நேரே கீழ்ப்பகுதியில் போய்க் குவியும். நாலு வாய்க்குள் 'போதும்' என்றாகிவிடும். உங்கள் விஷயத்தில் என் முதல் சந்தேகம் இதன் மேல்தான். சிலருக்கு இரைப்பை காலியாவதே தாமதமாகிறது. இன்னும் சிலருக்கு விரிவதும் காலியாவதும் சரியாகவே நடக்கும், ஆனால் நரம்பு அளவுக்கு மீறி உணரும். ஆராய்ச்சியில் இரைப்பைக்குள் சிறு பலூன் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை ஏற்றுவார்கள். மற்றவர்களுக்கு ஒன்றுமே தெரியாத அழுத்தத்தில் இவர்கள் வலி என்பார்கள். நடிப்பு இல்லை, அவர்களுடைய நரம்பின் அளவுகோல் அப்படி மாறிவிட்டிருக்கிறது.

அது ஏன் மாறுகிறது? ஒரு காரணம் நன்றாகத் தெரிந்தது: வயிற்றுத் தொற்று. கெட்டுப்போன சாப்பாட்டால் இரண்டு நாள் வாந்திபேதி வந்து அது சரியான பிறகும், சிலருக்கு முன்சிறுகுடலில் லேசான அழற்சி தங்கிவிடுகிறது. 'அந்த ஒரு பயணத்துக்கு அப்புறம்தான் என் வயிறு கெட்டது' என்று சிலர் தேதியோடு சொல்வார்கள். உங்களுக்கு அப்படி ஏதாவது நினைவிருக்கிறதா, யோசித்துப் பாருங்கள். இன்னொரு காரணம் மனநிலை. மேலே மனசு இல்லை என்றேன், இங்கே மனசு என்கிறேனே என்று கேட்பீர்கள். மூளைக்கும் குடலுக்கும் இருப்பது இருவழிப் பாதை. 1822-இல் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவருக்குத் துப்பாக்கிக் குண்டு பட்டு, காயம் ஆறியும் வயிற்றில் ஒரு துளை மூடாமலே நின்றுவிட்டது. அவருக்கு வைத்தியம் பார்த்த வில்லியம் போமான்ட் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் அந்தத் துளை வழியாக உணவை நூலில் கட்டி உள்ளே விட்டு, நேரம் பார்த்து வெளியே எடுத்து, செரிமானம் எப்படி நடக்கிறது என்று வருஷக்கணக்கில் குறித்துவைத்தார். அந்த ஆளுக்குக் கோபம் வந்த வேளைகளில் செரிமானம் கெட்டதையும் சேர்த்தே எழுதினார். (அந்த மனிதரின் பொறுமைக்குத்தான் முதலில் சிலை வைத்திருக்க வேண்டும்.) ஆக, கவலை வயிற்றைக் கெடுக்கும் என்பது உண்மை; ஓயாத வயிற்றுத் தொல்லை மனதைக் கெடுக்கும் என்பதும் அதே அளவு உண்மை.

இந்தக் கதையில் அமிலத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை, கவனித்தீர்களா? செயல்பாட்டு அஜீரணக்காரர்களில் பெரும்பாலோருக்கு அமிலம் எல்லாரையும் போலத்தான் சுரக்கிறது. அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. 'உனக்கு அமிலம் குறைவு, அதனால்தான் செரிக்கவில்லை, வினிகர் குடி' என்ற அறிவுரையையும் அதனாலேயே நான் ஏற்பதில்லை.

ஆனால் 'செயல்பாட்டுக் கோளாறுதான்' என்ற முடிவுக்கு வருமுன் சில சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். என்னிடம் வந்த ஒருவர் நினைவுக்கு வருகிறார். இரண்டு வருஷ அஜீரணம். சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள் என்றதற்கு, ஒரு பை நிறைய அட்டைகளைக் கொண்டுவந்து மேஜையில் பரப்பினார். எல்லாம் வயிற்றுக்கானவை. 'வேறு எதுவுமே இல்லையா?' என்று மூன்றாவது தடவை கேட்டபோதுதான், சட்டைப் பையிலிருந்து மடங்கிப்போன ஓர் அட்டையை எடுத்தார். முட்டிவலிக்கு டைக்ளோஃபினாக், தினமும் காலையில் வெறும் வயிற்றில். 'இது வலிக்கு, வயிற்றுக்கு இல்லையே, அதனால் சொல்லவில்லை' என்றார். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென், ஆஸ்பிரின் எல்லாம் இரைப்பையின் உள்தோலைக் காக்கும் புரோஸ்டாகிளான்டினைக் குறைத்துவிடும். அதன் பின் இரைப்பைக்கு அதன் சொந்த அமிலமே எதிரி. அவர் அந்த மாத்திரையை மாற்றிக்கொண்ட பிறகு மற்ற அட்டைகளில் பெரும்பாலானவை தேவைப்படவில்லை.

வலி மாத்திரை மட்டும் இல்லை. இரும்புச்சத்து மாத்திரை, நீரிழிவுக்கான மெட்ஃபார்மின், எலும்புக்கான அலெண்ட்ரோனேட், டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக், பொட்டாசியம் மாத்திரை எல்லாமே வயிற்றைப் படுத்தக்கூடியவை. உடல் எடைக்கும் சர்க்கரைக்கும் இப்போது போடுகிற செமாக்ளூட்டைட் வகை ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. பாதிச் சாப்பாட்டில் வயிறு நிறைவது அவற்றின் வேலையே. அஜீரணம் ஆரம்பித்த மாதத்தில் புதிதாக என்ன மாத்திரை ஆரம்பித்தீர்கள் என்று பாருங்கள். ஆனால் இதயத்துக்காக எழுதித் தந்த ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதியவரிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்தது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. 1980-களின் தொடக்கம்வரை, அமிலத்தில் எந்தக் கிருமியும் தாக்குப்பிடிக்காது, அல்சர் என்பது டென்ஷனால் வருவது என்றுதான் மருத்துவ உலகம் நம்பியது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இந்தக் கிருமியைக் காட்டியபோது நம்ப ஆளில்லை. மார்ஷல் 1984-இல் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, தன் இரைப்பையிலேயே அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. குடற்புண்ணுக்கும், சிலருக்குப் பல வருஷம் கழித்து இரைப்பைப் புற்றுநோய்க்கும் இந்தக் கிருமி காரணமாகிறது. புண் இல்லாமல் அஜீரணம் மட்டும் உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு, இதை ஒழித்தாலே தொல்லை நிரந்தரமாகப் போய்விடுகிறது. சிறு பகுதிதான். ஆனாலும் நிரந்தரம் என்பதால் விட மனசு வராது.

அதனால் உங்கள் எண்டோஸ்கோபி அறிக்கையை எடுத்து, இந்தக் கிருமிக்காகத் திசு எடுத்துச் சோதித்தார்களா என்று பாருங்கள். கேமராவில் நார்மல் என்பதால் கிருமி இல்லை என்று ஆகிவிடாது. எடுத்திருந்தாலும், அப்போது நீங்கள் அசிடிட்டி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் 'இல்லை' என்று தவறாக வந்திருக்கலாம். மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்துகொள்ளலாம். அதற்கு 2 வாரம் முன்பே அந்த மாத்திரையையும், 4 வாரம் முன்பே ஆன்டிபயாட்டிக்கையும் நிறுத்தியிருக்க வேண்டும். கிருமி இருந்தால் சிகிச்சை பெரும்பாலும் 14 நாள், தினமும் கைநிறைய மாத்திரை, வாயெல்லாம் உலோகக் கசப்பு. ஆறாம் நாள் 'கொஞ்சம் தேவலை' என்று விட்டுவிட்டால் கிருமி பிழைத்துக்கொள்ளும், அடுத்த தடவை அதே மருந்துக்கு மசியாது. முடித்து 4 வாரம் போன பிறகு, ஒழிந்ததா என்று மறுபடி சோதிக்க வேண்டும். பலர் தாண்டிப்போகிற படி இது.

அஜீரணம் போல வேஷம் போடும் மற்றவை: பித்தப்பைக் கல் என்றால் வலி அரை மணி முதல் சில மணி நேரம்வரை உச்சத்திலேயே நிற்கும், வலது விலாவுக்கும் தோளுக்கும் போகும், வெறும் உப்புசத்துக்குக் கல்லைக் குற்றம் சொல்ல முடியாது, ஸ்கேனில் கல் தெரிந்தாலும்கூட. பால் குடித்த இரண்டொரு மணியில் உப்புசமும் இளக்கமும் வந்தால் லாக்டோஸ் செரிக்காத உடம்பாக இருக்கலாம். கோதுமையின் குளூட்டன் ஆகாத சீலியாக் நோய்க்கு ரத்தச் சோதனை இருக்கிறது, கோதுமையை நிறுத்துமுன் செய்தால்தான் அது பலிக்கும். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தால் கணையத்தைப் பார்க்க வேண்டும். நெடுநாள் சர்க்கரை இருந்தால் இரைப்பை நரம்பே தளர்ந்திருக்கலாம்.

கீழே சொல்வது ஏதாவது இருந்தால் மட்டும் இந்தப் பதிலை மூடிவிட்டு நேரே மருத்துவரிடம் போங்கள்: முயற்சி செய்யாமலே எடை குறைவது, விழுங்கும்போது சிக்குவது, திரும்பத் திரும்ப வாந்தி, ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், ரத்தசோகை, வயிற்றில் கட்டி தட்டுப்படுவது, மஞ்சள் காமாலை, நெருங்கிய ரத்த உறவில் இரைப்பைப் புற்றுநோய், 60 வயதுக்குப் பிறகு முதல் தடவையாக அஜீரணம். இரும்பு மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், ஆனால் அது ஒட்டிக்கொண்டு தார் மாதிரி நாறாது. இன்னொன்று: நடந்தால் நெஞ்சுக்குழி அடைத்து, நின்றால் விடுகிறது என்றால் அது வயிறு இல்லை, இதயமாக இருக்கலாம். வியர்த்துக்கொட்டி, தாடைக்கோ கைக்கோ வலி பரவினால் சோடா தேடாமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு இப்படி அஜீரண வேஷத்தில் வருவது அபூர்வம் இல்லை.

இனி வைத்தியம். கிருமி இல்லை என்று ஆகிவிட்டால், வழக்கமாக முதலில் தருவது ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் வகை அசிடிட்டி மாத்திரை, தினம் ஒன்று, 4 முதல் 8 வாரம். இதைச் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு போட வேண்டும். இரைப்பையில் அமிலத்தைச் சுரக்கும் பம்புகள் சாப்பாட்டுக்காக விழித்துக்கொள்ளும் நேரத்தில் மருந்து ரத்தத்தில் இருந்தால்தான் அவற்றைப் பிடிக்கும். தொல்லை வந்த பிறகு, படுக்கப் போகும்போது, நினைவு வந்தபோது என்று போடுகிறவர்களே அதிகம். பலன் பாதியாவதில் ஆச்சரியமில்லை. எரிச்சலும் வலியும் உள்ளவர்களுக்கு இது நன்றாகக் கேட்கும். உங்களைப் போல நிறைவுதான் தொல்லை என்றால் சுமாராகத்தான் கேட்கும். 8 வாரம் சரியாகப் போட்டும் பலனில்லை என்றால், அளவை இரட்டிப்பாக்குவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

உங்கள் வகைக்கு இரைப்பையின் அசைவைச் சரிசெய்யும் மருந்துகள் உண்டு: டொம்பெரிடோன், இடோப்ரைட், மொசாப்ரைட், அகோடியமைட் போன்றவை. அகோடியமைட் மேல்பகுதி இளகவும் உதவுகிறது. இவற்றைச் சில வாரம் சோதித்துப் பார்க்கலாம், வருஷக்கணக்கில் விழுங்கக் கூடாது. டொம்பெரிடோன் இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கக்கூடியது என்பதால் 2014-இல் ஐரோப்பிய மருந்து முகமை நாளைக்கு 10 மில்லிகிராம் வீதம் 3 தடவைக்கு மேல் வேண்டாம், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று கட்டுப்படுத்தியது. அசிடிட்டி மாத்திரையோடு டொம்பெரிடோனைச் சேர்த்த கேப்சூலை நீங்கள் போட்டுக்கொண்டிருந்தால், இது உங்களுக்கும் பொருந்தும். அட்டையின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். மெட்டோகுளோப்ரமைடும் லெவோசல்பிரைடும் நெடுநாள் போட்டால் கை, வாய், நாக்கு தானாக அசையும் கோளாறைக் கொண்டுவரலாம்.

இதற்கும் மசியவில்லை என்றால் மருத்துவர் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் இரவில் எழுதலாம். மருந்தின் பெயரை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு 'மனஅழுத்த மாத்திரை கொடுத்துவிட்டார்' என்று பலர் கோபத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மனஅழுத்தத்துக்குத் தருவது இதைப் போலப் பல மடங்கு. இந்தச் சிறு அளவு நரம்பின் கூச்சத்தைக் குறைக்கத்தான். வலிக்காரர்களுக்கு இது கேட்கும், நிறைவுக்காரர்களுக்கு அவ்வளவாக இல்லை. சாப்பிட முடியாமல் எடையும் குறைந்தவர்களுக்கு மிர்ட்டஸபின் உதவுவதுண்டு. எதுவானாலும் 6 முதல் 8 வாரம் பொறுக்க வேண்டும். முதல் வாரத்தில் தூக்கக் கலக்கமும் வாய் உலர்வதும்தான் தெரியும், பலன் பிறகுதான் வரும்.

சாப்பாட்டு விஷயத்தில் நீளப் பட்டியல் எனக்குப் பிடிக்காது. அதைத் தின்னாதே, இதைத் தின்னாதே என்று பயந்து பயந்து எலும்பும் தோலுமானவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று பெரிய வேளையை ஐந்து சிறிய வேளையாக்குங்கள், எண்ணெயையும் கொழுப்பையும் குறையுங்கள், நிதானமாக மெல்லுங்கள். நிறைவுக்காரருக்கு இந்த மூன்றும் எந்த மாத்திரைக்கும் சளைத்ததில்லை. ஆனால் ஐந்து வேளைக்கு நடுவே கொறிப்பதை நிறுத்த வேண்டும். வயிறு காலியாக இருக்கும்போது ஒன்றரை மணிக்கு ஒருமுறை ஒரு பெருக்கும் அலை இரைப்பையிலிருந்து கிளம்பி மிச்சமீதியைக் கூட்டித் தள்ளும். நீங்கள் எதையாவது வாயில் போட்டதும் அது நின்றுவிடும். காரம், காபி, மது எல்லாருக்கும் ஆகாது என்றில்லை. உங்களுக்கு ஆகிறதா என்று 2 வாரம் விட்டுப் பார்த்து, மறுபடி சேர்த்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். புகைப்பதற்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. எதுக்களிப்பும் இருந்தால் படுக்க 3 மணி நேரம் முன்பு சாப்பிட்டு முடியுங்கள். தலையணையை அடுக்காமல் கட்டிலின் தலைமாட்டுக் காலுக்கடியில் 15 சென்டிமீட்டர் கட்டை வையுங்கள். தலையணை அடுக்கினால் வயிறு மடிந்து இன்னும் அழுத்தம்தான் கூடும். ஓயாத ஏப்பக்காரர்கள் ஏப்பத்தை வரவழைக்கவே காற்றை விழுங்குகிறார்கள்; வயிறு எழும்பி இறங்கும்படி மெதுவாக மூச்சுவிடும் பயிற்சிதான் அதற்கு மருந்து. இஞ்சி இரைப்பை காலியாவதைக் கொஞ்சம் வேகப்படுத்தும், அதில் தப்பில்லை. சமையல் சோடாவைத் தினமும் கரைத்துக் குடிப்பதில் தப்பு இருக்கிறது. அவ்வளவும் உப்புச்சத்து, ரத்த அழுத்தக்காரருக்கு ஆகவே ஆகாது.

முடிவே கிடையாதா என்று கேட்டீர்கள். இது புற்றுநோயாக மாறாது, ஆயுளைக் குறைக்காது. சிலருக்குச் சில மாதத்தில் போயே போய்விடும், பலருக்கு நன்றாக இருந்து நடுநடுவே தலைகாட்டும்.

'விட்டால் மறுபடி வருகிறது' என்பதைத்தான் கடைசிக்கு வைத்தேன். அது நோய் திரும்புவதாகவே இருக்க வேண்டியதில்லை. சில வாரம் அமிலத்தை அடக்கி வைத்துவிட்டுத் திடீரென்று கையை எடுத்தால், சில வாரத்துக்கு அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும். 2009-இல் வயிற்றுத் தொல்லையே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு 8 வாரம் இந்த மாத்திரையைக் கொடுத்து நிறுத்திப் பார்த்தார்கள். 100-க்கு 44 பேருக்கு எரிச்சலோ எதுக்களிப்போ அஜீரணமோ வந்தது. நோயே இல்லாதவர்களுக்கு! அதனால், வலி மாத்திரைக்குக் காப்பாகவோ வேறு நிலையான காரணத்துக்காகவோ எழுதித் தரவில்லை என்பதை மருத்துவரிடம் உறுதி செய்துகொண்டு, 2 வாரம் பாதி அளவு, அடுத்த 2 வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று இறங்குங்கள். எரிச்சல் வந்த அன்றைக்கு ஆன்டாசிட் திரவம் ஒரு தடவை குடியுங்கள். தைராய்டு, இரும்பு மாத்திரைகளுக்கும் அதற்கும் சில மணி நேர இடைவெளி இருக்கட்டும். நிறுத்தி 4 வாரம் கழிந்தும் தொல்லை அப்படியே இருந்தால்தான் அது பழைய அஜீரணம். அப்போது இரைப்பையை இளக்கும் மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். போகும்போது வலி மாத்திரை உட்பட எல்லா அட்டைகளையும், எண்டோஸ்கோபி அறிக்கையையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.